தண்ணிக்கும் கணக்கு உண்டு – ஜே.சி. குமரப்பா

நம்ம டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்த ஒரு பெரியவரைப் பற்றி இந்த மாதம் எழுதுகிறேன். அவர் பெயர் ஜே.சி. குமரப்பா.

இவர் 1892 ஜனவரி 4ல் தஞ்சாவூரில் பிறந்தார். லண்டன் போய்க் கணக்குத் தணிக்கை படித்தார். பம்பாயில் ஆடிட்டராக வேலை பார்த்தார். பிறகு அமெரிக்காவிலும் படித்தார். கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு இருந்தவர், 1929ல் காந்தியடிகளைச் சந்தித்த பிறகு கதருக்கு மாறினார். பல தடவை ஜெயிலுக்கும் போனார்.

கணக்கில் ரொம்பக் கண்டிப்பானவர். 1934ல் பீகாரில் பெரிய பூகம்பம் வந்தது. நிவாரண நிதிக் கணக்கை இவர்தான் பார்த்தார். காந்தியடிகள் அங்கே வந்தபோது கூட, அவரோடு வந்தவங்க செலவை அந்தப் பணத்திலிருந்து தர முடியாது என்று சொல்லிட்டாராம்! அது ஏழைகளின் பணம் அல்லவா?

பிறகு வார்தாவில் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தினார். சிறையில் இருந்தபோது நிலைத்த பொருளாதாரம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அது 1945ல் வெளிவந்தது. இயற்கையில் இரண்டு வகைச் சொத்து இருக்கு என்பது அவர் கருத்து. நிலக்கரி, பெட்ரோல் மாதிரி எடுக்க எடுக்கத் தீர்ந்து போறது ஒன்று. மரம் செடி மாதிரி திரும்பத் திரும்ப வளர்றது இன்னொன்று. தீர்ந்து போறதை நம்பி வாழ்ந்தால் சண்டைதான் வரும் என்று எச்சரித்தார்.

நம்ம தண்ணி இதில் எந்த வகை? யோசித்துப் பாருங்க. ஐப்பசி, கார்த்திகையில் பெய்ற மழை நமக்கு வருஷா வருஷம் வர்ற வரவு. போர் போட்டு ஆழத்திலிருந்து எடுக்கிறது சேமிப்பு. வரவை விடச் செலவு கூடினா சேமிப்பும் ஒரு நாள் தீர்ந்துரும். அப்போ குடத்தைத் தூக்கிக்கிட்டு அலையறது யாரு? நம்மள மாதிரி பொம்பளப் பிள்ளைங்கதான். பள்ளிக்கூடத்துக்கும் நேரமாகிரும்.

அதனால வீட்டில் தண்ணிக் கணக்கு எழுதுவோம். எங்க வீட்டில் ரெண்டாம் வகுப்பு படிக்கிற தம்பிதான் கணக்குப்பிள்ளை! ஒவ்வொரு குடம் எடுக்கும்போதும் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவான். முதல் நாள் 19 கோடு. ஒரு வாரம் கழித்து 15. திட்டினால் கேட்காத பையன், கோடு கூடிரும்னு குழாயை இப்போ அவனே ஓடிப்போய் மூடுகிறான். அரிசி கழுவின தண்ணி மாட்டுக்கு, பாத்திரம் அலசின தண்ணி முருங்கை மரத்துக்கு. 4 குடம் மிச்சம். எங்க குடம் 15 லிட்டர் பிடிக்கும். அப்படின்னா ஒரு நாளைக்கு 60 லிட்டர்!

குமரப்பா கடைசிக் காலத்தில் நம்ம ஊரில் எளிமையாக வாழ்ந்தார். 1960 ஜனவரி 30, காந்தியடிகள் மறைந்த அதே தேதியில் காலமானார்.

தோழர்களே, நாளைக்கே உங்க வீட்டுச் சுவரிலும் கோடு போட ஆரம்பிங்க. ஒரு வாரம் கழித்து எத்தனை குடம் குறைந்தது என்று எனக்குச் சொல்லுங்க. எல்லாருடைய கணக்கையும் அடுத்த இதழில் எழுதுகிறேன்.