அறியும் ஆவல்

ஜெயமங்கலத்தில் வராக நதிக்கரையில் நிற்கும் சிறுவன் ஒருவன், இந்த நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தன் தகப்பனாரைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். மேற்கே மலையைக் காட்டி, ஆறு வைகையோடு கலப்பதையும் எடுத்துச் சொல்லும் தகப்பன்மார் சிலர். பாடத்தைப் பார், வீண் பேச்சு வேண்டாம் என்று வாயடைப்போரே பலர். இதனால் தேசத்துக்கு விளையும் நஷ்டத்தை அறிய விரும்புவோர், மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் சரித்திரத்தைச் சற்று நோக்குவார்களாக.

ஐயரவர்கள் 1855-ஆம் வருஷம் பிப்ரவரி 19-ஆந் தேதி பிறந்தார். சொந்த ஊர் தஞ்சை ஜில்லா உத்தமதானபுரம். தந்தையார் சங்கீத வித்துவான். குடும்பத்தில் பொருள் இல்லை. ஊர் ஊராகச் சென்று, கிடைத்த ஆசிரியர்களிடமெல்லாம் பாடங் கேட்டு, முடிவில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்தார். 1876-இல் அப்பெரியார் காலமாகும் வரையில் அவரிடமே பயின்றார். 1880-இல் கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதர் உத்தியோகம் கிடைத்தது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து.

அவ்வருஷமே அவ்வூருக்கு முன்ஸிபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவ, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் எனப் பெரியதோர் ஜாபிதாவையே ஐயரவர்கள் ஒப்பித்தார். முதலியார் வியக்கவில்லை. சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என்றார். அவற்றை ஐயரவர்கள் கண்ணாலும் கண்டதில்லை.

இவ்விடத்தில்தான் தமிழின் பாக்கியம் ஊசலாடியது. கல்வியும் பதவியும் பெற்ற ஒருவர், அக்கேள்வியை அவமதிப்பாகக் கருதி எழுந்து போயிருக்கலாம். ஐயரவர்களோ அறியேன் என்று ஒப்புக்கொண்டார். முதலியார் அளித்த சிந்தாமணிப் பிரதியை வாங்கிப் பிரித்தார். பொருள் விளங்கவில்லை. அது ஜைன காவியம் என்று தெரிந்ததும், தாம் சைவராயிருந்தும், கும்பகோணத்து ஜைனர்களின் வீடு தேடிச் சென்று அவர்கள் சமயத்தை மாணவராக இருந்து கேட்டறிந்தார். மணிமேகலையின்பொருட்டுப் பின்னர்ப் பௌத்த மதத்தையும் அவ்விதமே கற்றார்.

அக்காலத்தில் ஏட்டுச் சுவடிகள் செல்லுக்கு இரையாகிக் கிடந்தன. நெருப்பிலும் ஆற்றிலும் இடப்பட்டவையும் உண்டு. ஐயரவர்கள் கிராமங்தோறும் மடங்தோறும் அலைந்து சுவடி தேடினார். பிரதிகளை ஒப்பிட்டுத் திருத்தினார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் வெளிவந்தன. தனக்குப் பழஞ்சரித்திரமே இல்லையோ என்று தலைகுனிந்திருந்த அடிமை நாட்டுக்கு இந்நூல்கள் தன்மதிப்பை ஊட்டின. முதுமையிலும் அவர் உழைப்பு ஓயவில்லை. 1942-ஆம் வருஷம் ஏப்ரல் 28-ஆந் தேதி திருக்கழுக்குன்றத்தில் அவர் காலமான பொழுது, அவர் எழுதிவந்த சுயசரிதம் முற்றுப் பெறாமல் நின்றது.

இத்தனைக்கும் வித்து ஒரு கேள்வி. கேட்டவர் சர்க்கார் அதிகாரி, கேட்கப்பட்டவர் பண்டிதர். பரீட்சையோ பரிசோ அங்கே இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மையும், தெரிந்துகொள்ளாமல் உறங்கமாட்டேன் என்னும் பிடிவாதமும் மட்டுமே இருந்தன.

நாடு சுதந்திரம் பெற்றுவிட்டது, பாடசாலைகளும் பெருகிவிட்டன. ஆனால் மார்க்கு வாங்கும் திறமையே கல்வி என்னும் மயக்கம் மட்டும் நீங்கவில்லை. வினாவை அடக்கிப் பழகிய பிள்ளை, வளர்ந்த பின் அநீதியைக் கண்டும் ஏன் என்று கேளான். ஆகவே, பொதுஜன சேவையில் ஈடுபட்ட அன்பர்களுக்கு நாம் விண்ணப்பித்துக்கொள்வது இதுவே: வராக நதிக்கரையில் நிற்கும் அச்சிறுவனுக்கு விடை தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால், அவன் கையைப் பிடித்துக்கொண்டு தெரிந்தவரிடம் செல்லுங்கள். ஐயரவர்கள் சென்ற வழி அதுவே.