ஆட்சேபணை இல்லை என்று சொல்லவைத்தவர்

காஞ்சிபுரத்தின் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களிலும் தேரோடும் வீதிகளிலும் இன்று சட்டப்படி எவரும் நடக்கலாம். பொதுவழியில் நடக்கும் அந்த உரிமையை நூறாண்டுகளுக்கு முன் அரசின் வாயால் சொல்லவைத்தவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன். 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த மதுராந்தகம் பகுதியின் கோழியாளம் அவரது ஊர். வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் சென்றவர் என்ற ஒற்றை வரியோடு அவரைக் கடந்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அவருடைய வாதத்திறனை நாம் இன்னும் உரிய முறையில் மதிப்பிடவில்லை.

1859இல் பிறந்த அவர், நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றியபின் சென்னைக்கு வந்து, 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். இழிசொல்லாக வீசப்பட்ட பெயரையே தலைப்பாகச் சூட்டியதால், வெட்கப்பட வேண்டியவர் யார் என்ற கேள்வி எதிர்த்தரப்புக்குச் சென்றது. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று காங்கிரஸ் கோரியபோது, அதனால் ஆதிக்கச் சாதியினரே அதிகாரத்தில் நிறைவர் என்று வாதிட்டு, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு 3,412 பேரின் கையொப்பத்துடன் எதிர்மனு அனுப்பச் செய்தார். (இதைத் தேசத்துரோகம் என்போர் இன்றும் உளர். கையொப்பமிட்டோரின் சேரியில் ஒருநாளேனும் வாழ்ந்தவர்களாக அவர்கள் தெரியவில்லை.) பின்னர் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். ஒரு சொல் வழக்கையே திருப்பிவிடும் என்பதை அங்கே நிறவெறியின் நிழலில் அவர் கண்டிருக்கக்கூடும் என்பது நமது ஊகம்.

1923இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். 1924 ஆகஸ்டில் அவர் முன்மொழிந்த தீர்மானம், பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை எந்த வகுப்பினரும் பயன்படுத்துவதில் அரசுக்கு ஆட்சேபணை இல்லை என்று அறிவிக்கக் கோரியது. வழக்கறிஞர்களாகிய நாம் வியப்பது அந்தச் சொல்லமைப்பைத்தான். அதில் அவர் புதிய சலுகை எதையும் கேட்கவில்லை. எதிர்ப்பவர் எழுந்து நின்று 'ஆட்சேபணை உண்டு' என்று தம் வாயாலேயே சொல்லியாக வேண்டும்! தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் வந்தது.

இதைச் சாலைத் தீர்மானம் என்றே பேசுகிறோம். அதிலிருந்த கிணற்றை மறந்துவிடுகிறோம். குடத்துடன் சென்று, ஊரார் மனமிரங்கி ஊற்றும்வரை எட்டி நின்றவர்கள் பெரும்பாலும் நம் பெண்களே. ஆகவே அது பெண்ணுரிமைத் தீர்மானமும்கூட.

ஆனால் தடுப்பவருக்கு என்ன தண்டனை என்பதைத் தீர்மானம் சொல்லவில்லை. 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் அவரும் இணைந்து அளித்த அறிக்கை அந்த இடைவெளியை நிரப்பியது. சமக் குடியுரிமை கேட்டதோடு நில்லாமல், சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்றும் அது கோரியது. உரிமை கேட்டவரின் வேலையையும் கூலியையும் ஊர் கூடி நிறுத்திவிட்டால், அரசாணையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? இன்றும் வன்கொடுமை வழக்குகளில் நாம் சந்திக்கும் கேள்வி இது.

1945 செப்டம்பர் 18 அன்று அவர் மறைந்தார். தீண்டாமையை ஒழித்து, அதன் பெயரால் உரிமை மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய 17ஆம் உறுப்புடன் அரசமைப்புச் சட்டம் ஏற்கப்பட்டது 1949இல்.