உரிமையை விற்றார், பெயர் நிலைத்தது: இழைப்புளியை மாற்றிய லெனார்ட் பெய்லி

பழைய சாமான் கடையிலோ, தாத்தாவின் தச்சுப் பெட்டியிலோ துருப்பிடித்த இரும்பு இழைப்புளியைப் பார்த்திருப்பீர்கள். மலாயில் கெத்தாம் என்கிறோமே, அதே கருவிதான். சிலவற்றின் முன்பகுதியில் ‘பெய்லி’ என்று ஆங்கிலத்தில் வார்க்கப்பட்டிருக்கும். அது ஊரின் பெயருமல்ல, முதலாளியின் பெயருமல்ல. ஒரு தச்சரின் பெயர்.

லெனார்ட் பெய்லி 1825ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பிறந்தவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மேசை, அலமாரி செய்யும் தச்சராக வேலை பார்த்தார். அக்காலத்து இழைப்புளி பெரும்பாலும் மரக்கட்டையால் ஆனது. அலகை ஓர் ஆப்பு இறுக்கிப் பிடித்திருக்கும். சீவல் தடிமனாக வந்தாலும் மெலிதாக வந்தாலும் சுத்தியலால் தட்டித்தான் சரி செய்ய வேண்டும். ஒரு தட்டு கூடிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தத் தொல்லை அவருக்குக் கையளவில் தெரியும்.

1850களிலிருந்தே அவர் தமது மாற்றங்களுக்குக் காப்புரிமை பெறத் தொடங்கினார். ஆப்புக்குப் பதிலாக, ஒரு சிறு நெம்புகோலை மடக்கினால் அலகை இறுக்கும் உலோக மூடியைக் கொண்டுவந்தார். அலகுக்குப் பின்னால் ஒரு பித்தளைத் திருகை வைத்தார். அதை விரலால் திருப்பினால் அலகு தலைமுடியளவு இறங்கும், ஏறும். இந்த அமைப்புக்கான காப்புரிமை 1867ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வேலைக்கு நடுவில், இழைப்புளியைக் கீழே வைக்காமலேயே சீவலின் தடிமனை மாற்ற முடிந்தது.

1869இல் கனெடிகட் மாநிலத்தின் ஸ்டான்லி நிறுவனம் அவருடைய தொழிலையும் காப்புரிமைகளையும் வாங்கியது. பெய்லியும் அங்கே போய் உற்பத்தியைக் கவனித்தார். ஆனால் உறவு நீடிக்கவில்லை. சில ஆண்டுகளில் உரிமைத் தொகை தொடர்பாகப் பிணக்கு ஏற்பட்டது. அவர் வெளியேறி, ‘விக்டர்’ என்ற பெயரில் புதிய இழைப்புளிகளைச் செய்து தமது பழைய நிறுவனத்தோடு போட்டியிட்டார். அந்தப் போட்டியில் அவரால் வெல்ல முடியவில்லை. 1880களில் அந்தத் தொழிலும் ஸ்டான்லியின் கைக்கே போனது. பிறகு அவர் கடிதங்களைப் படியெடுக்கும் அழுத்தப்பொறிகள் செய்து பிழைத்தார்.

1902 வாக்கில் ஸ்டான்லி நிறுவனம் இழைப்புளிகளின் உடலிலேயே பெய்லி என்ற பெயரை வார்க்கத் தொடங்கியது. அப்போது அவர் உயிரோடு இருந்தார், வயது எழுபதைத் தாண்டியிருந்தது. ஆனால் அந்தக் கருவியின் மீது அவருக்கு எந்த உரிமையும் இல்லை. 1905இல் அவர் காலமானார். காப்புரிமைக் காலம் முடிந்ததால் மற்ற நிறுவனங்களும் அதே அமைப்பைப் பின்பற்றின. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1931 முதல் வந்த ரெக்கார்ட் இழைப்புளிகளும் அந்த வகையே. இன்று கடைகளில் கிடைக்கும் பல இரும்பு இழைப்புளிகளின் உள்ளமைப்பும் அவர் வகுத்ததுதான்.

எனவே பழைய பெய்லி இழைப்புளி கண்ணில் பட்டால் துருவைப் பார்த்து விலகிவிடாதீர்கள். வாங்குமுன் அடித்தட்டில் அலகு வெளிவரும் வாயையும் பக்கச் சுவர்களையும் பாருங்கள். வார்ப்பிரும்பில் விரிசல் இருந்தால் வேண்டாம். பித்தளைத் திருகு சுழல்கிறதா, அலகில் இன்னும் போதிய நீளம் இருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

பாகங்களைக் கழற்றி, இரும்புப் பகுதிகளை ஓர் இரவு வினிகரில் ஊற வைத்துத் தேய்த்தால் மேல்துரு போய்விடும். நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உடனே எண்ணெய் பூச வேண்டும். நமது ஈரக்காற்றில் இதைத் தள்ளிப் போடக் கூடாது. பிறகு பாகங்களைப் பூட்டி, அலகை உள்ளே இழுத்து வைத்துவிட்டு, தடித்த கண்ணாடி மீது ஒட்டிய உப்புத்தாளில் அடித்தட்டைத் தேய்த்துச் சமமாக்கலாம். கடைசியாக அலகைச் சாணைக்கல்லில் தீட்டுங்கள்.

அதன்பின் பித்தளைத் திருகை மெல்லத் திருப்பி, ஒரு பலகையின் மீது தள்ளிப் பாருங்கள். சீவல் சுருண்டு மெலிதாக வந்தால், அந்தத் தச்சரின் உழைப்பு உங்கள் கையில் வேலை செய்கிறது என்று பொருள். உரிமை கைமாறிப் போனது. வேலை அவருடையதாகவே நிற்கிறது.