ஜகத் சேட் மகதாப் ராய்: வந்த வெள்ளியும் நின்ற மலையும்

சமண முனிவர்கள் தமிழுக்கு அளித்த நாலடியாரின் முதல் அதிகாரம் செல்வம் நிலையாமை. அறநூலில் கற்கும் அவ்வுண்மைக்கு நாட்டு வரலாறு தந்த சான்றுகள் பல. அவற்றுள் வங்காளத்தின் ஜகத் சேட் மகதாப் ராயின் வாழ்க்கை தலைமையானது. அருக சமயக் குடும்பத்தில் தோன்றி, பேரரசர்க்கும் நவாபுகளுக்கும் அயல்நாட்டு வணிகர்க்கும் பொருள் வழங்கிய அவர், இறுதியில் கைதியாக உயிர் துறந்தார்.

நாகோரிலிருந்து முர்ஷிதாபாத் வரை

இவர் குடும்பம் மார்வார் நாட்டு நாகோரைச் சேர்ந்தது. சுவேதாம்பர மரபைப் பின்பற்றிய ஓசுவால் குலத்தது. முன்னோரான ஹீரானந்த் சாகு 1652-இல் ஊரை விட்டுப் பாட்னாவுக்கு வந்து கொடுக்கல் வாங்கல் தொழில் தொடங்கினார். அவர் மைந்தர் மாணிக் சந்த் டாக்காவில் கடை வைத்தார். திவான் முர்ஷித் குலி கான் டாக்காவை விட்டுப் பாகீரதி ஆற்றங்கரைக்குப் பெயர்ந்து முர்ஷிதாபாத் நகரைத் தலைமையிடமாக்கியபோது மாணிக் சந்தும் உடன் பெயர்ந்தார். நகரை அடுத்த மகிமாபூரில் அவர் மாளிகை எழுந்தது.

மாணிக் சந்துக்குப் பின் அவர் வளர்ப்பு மகன் பதே சந்த் குடும்பத் தலைவரானார். முகலாயப் பேரரசர் முகமது ஷா அவருக்கு 1723-இல் ஜகத் சேட் என்னும் பட்டத்தை வழங்கினார். உலகத்துச் செட்டியார் என்பது அதன் பொருள். வங்காளத்தின் வரிப்பணம் ஆண்டுதோறும் தில்லிக்குச் செல்ல வேண்டும். அதை மூட்டை கட்டிக் காவலுடன் வண்டிகளில் அனுப்புவதற்கு மாற்றாக, ஜகத் சேட்டின் உண்டியல் சீட்டு ஒன்றே தில்லியில் பணமாக மாறியது. அக்குடும்பத்தின் சொல்லுக்கு அத்துணை மதிப்பு இருந்தது.

கடல் கடந்து வந்த வெள்ளி

இக்குடும்பத்தின் செல்வத்திற்கு மூலம் வங்காளத்தில் வெட்டி எடுக்கப்பட்டதன்று. வங்காளத்தில் வெள்ளிச் சுரங்கமே இல்லை. தென் அமெரிக்காவின் பொட்டோசி மலையிலும் மெக்சிகோவிலும் தோண்டப்பட்ட வெள்ளி ஸ்பெயினை அடைந்து, அங்கிருந்து லண்டன், ஆம்ஸ்டர்டாம் நகரங்களுக்குச் சென்றது. ஆங்கிலேய, டச்சு, பிரெஞ்சுக் கம்பெனிகள் அதைப் பெட்டிகளில் அடைத்து, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக் கொணர்ந்தன. வங்காளத்தின் மசுலின் துணியும் பட்டும் வெடியுப்பும் ஐரோப்பாவுக்குத் தேவைப்பட்டன. ஐரோப்பியச் சரக்குகளோ வங்காளத்தார்க்குப் பெரிதும் தேவைப்படவில்லை. ஆகவே ஆங்கிலேயக் கம்பெனி கொண்டுவந்தவற்றின் மதிப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பொன்னும் வெள்ளியுமாகவே இருந்தது.

வந்திறங்கிய வெள்ளியைக் கொண்டு அப்படியே நெசவாளரிடம் துணி வாங்க இயலாது. அது அக்கசாலையில் உருக்கப்பட்டு, மாற்றுப் பார்க்கப்பட்டு, சிக்கா ரூபாயாக அச்சிடப்பட வேண்டும். முர்ஷிதாபாத் அக்கசாலை ஜகத் சேட் குடும்பத்தின் செல்வாக்கில் இருந்தது. எனவே எந்நாட்டுக் கப்பலில் வெள்ளி வந்தாலும் பெரும்பாலும் அது மகிமாபூரின் தராசுக்கே வந்து சேர்ந்தது. விலையை நிர்ணயித்தவரும் சேட்டே. பேரரசர் பரூக்சியர் 1717-இல் அளித்த ஆணையின்படி தமக்கும் அக்கசாலையைப் பயன்படுத்தும் உரிமை உண்டு என ஆங்கிலேயர் வாதாடினர். ஆனால் நவாபும் சேட்டும் அதற்கு இடங்கொடுக்கவில்லை.

வட்டம் என்பது மற்றொரு வருவாய். அச்சிட்ட ஆண்டில் முழு மதிப்புப் பெற்ற சிக்கா ரூபாய், அடுத்த ஆண்டுகளில் எடை குறையாமல் இருந்தாலும் மதிப்புக் குறைந்ததாகக் கொள்ளப்பட்டது. பிற நாட்டு, பிற மாகாண நாணயங்களுக்கும் வட்டம் கழிக்கப்பட்டது. அவ்வாறு வந்தவற்றுள் ஆற்காட்டு ரூபாயும் ஒன்று. சென்னையிலும் புதுச்சேரியிலும் அச்சிடப்பட்ட அந்நாணயங்கள் கப்பலேறி வங்காளம் சென்று, சேட்டுகளின் பெட்டகங்களில் குவிந்தன.

கொள்ளையும் பட்டமும்

1742-இல் மராத்தியப் படை முர்ஷிதாபாத் மீது பாய்ந்தது. நவாப் அலிவர்தி கான் நகரில் இல்லாத வேளையில் மீர் ஹபீப் ஜகத் சேட்டின் மாளிகையைச் சூறையாடினான். ஆற்காட்டு ரூபாய் மட்டும் இரண்டு கோடி பறிபோயிற்று என்று அந்நூற்றாண்டு வரலாற்றாசிரியர் குலாம் ஹுசைன் எழுதினார். அத்துணைப் பெரிய இழப்பிற்குப் பின்னும் கடையில் உண்டியல்கள் தடையின்றி மாற்றப்பட்டன. மக்கள் வியந்தது இழந்த தொகையைக் கண்டன்று. இழந்தபின்னும் தளராத நிலையைக் கண்டே.

1744-இல் பதே சந்த் மறைந்தார். அவர் பேரர் மகதாப் ராய் குடும்பத் தலைமையை ஏற்றார். சிற்றப்பன் மகன் சொரூப் சந்த் துணை நின்றார். 1748-இல் பேரரசர் அகமது ஷா மகதாப் ராய்க்கு ஜகத் சேட் பட்டத்தையும் சொரூப் சந்துக்கு மகாராஜா பட்டத்தையும் அளித்தார். அலிவர்தி கானின் ஆட்சியில் இருவரும் அரசவையில் பெருமதிப்புடன் விளங்கினர்.

பிளாசியின் பாதை

1756-இல் அலிவர்தி கான் மறைய, அவர் மகள் வயிற்றுப் பேரன் சிராஜ் உத் தௌலா நவாபானார். இளையவர், முன்கோபம் மிக்கவர். வணிகரிடமிருந்து பெருந்தொகை திரட்டித் தரும்படி அவர் கேட்டதாகவும், அது இயலாது என்ற மகதாப் ராயை நிறைந்த அவையில் கன்னத்தில் அறைந்ததாகவும் கூறுவர். அவமதிப்பும் அச்சமும் சேட்டை நவாபின் பகைவரோடு இணைத்தன. சேனைத் தலைவர் மீர் ஜாபரும் ஆங்கிலேயர் கிளைவும் வகுத்த சூழ்ச்சியில் சேட்டுகளின் கையும் இருந்தது. அவர்கள் ஆதரவின்றி அச்சூழ்ச்சி நிறைவேறியிராது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. தம் மீது கை ஓங்கியவரைத் தண்டிக்க நாட்டையே அயலார் கையில் வைத்த அச்செயல் புகழத்தக்கதன்று.

1757 சூன் 23-ஆம் நாள் பிளாசிப் போர் நடந்தது. சில நாட்களில் வெற்றி பெற்றோர் ஜகத் சேட்டின் மாளிகையிலேயே கூடிக் கணக்குத் தீர்த்தனர். பேசிய தொகை முழுவதும் கருவூலத்தில் இல்லாமையால் பாதியை உடனே தருவதென முடிவாயிற்று. சூலைத் திங்களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 72 லட்சம் ரூபாய் வெள்ளி நாணயங்கள் 700 பெட்டிகளில் அடைக்கப்பட்டு, 100 படகுகளில் ஏற்றப்பட்டு, கொடிகள் பறக்க, இசை முழங்கக் கல்கத்தாவுக்குச் சென்றன. அதுவரை வெள்ளி கடலிலிருந்து ஆற்றின் வழியே முர்ஷிதாபாத்தை நோக்கி வந்தது. அன்று முதல் அது எதிர்த்திசையில் ஓடலாயிற்று.

நின்றுபோன வெள்ளி

புதிய நவாபிடம் ஆங்கிலேயர் பெற்ற உரிமைகளுள் ஒன்று கல்கத்தாவில் தமக்கென அக்கசாலை அமைத்தல். தாத்தா பதே சந்த் காலமுதல் குடும்பம் விட்டுக்கொடாத உரிமை அவ்வளவில் கைநழுவிற்று. அதனினும் பெரிய மாற்றம் ஒன்று தொடர்ந்தது. வங்காளத்தின் பணமே கம்பெனியின் கைக்கு வந்துவிட்டபின், வங்காளத் துணியை வாங்க ஐரோப்பாவிலிருந்து வெள்ளி கொணர வேண்டிய தேவை இல்லை. 1757-க்குப் பின் கம்பெனிக் கப்பல்களில் வங்காளத்திற்கு வெள்ளி வருவது ஏறக்குறைய நின்றே போயிற்று. அந்நாட்டு வெள்ளி சீன வணிகத்திற்காக வெளியே அனுப்பவும் பட்டது. எந்த ஊற்றினால் சேட்டின் ஏரி நிரம்பியதோ, அவ்வூற்றை அடைத்தவர்களுள் அவரும் ஒருவரானார்.

1759-இல் மகதாப் ராய் கல்கத்தா சென்றபோது கம்பெனியார் அவரை விருந்தோம்ப 17,000 ஆற்காட்டு ரூபாய்க்கு மேல் செலவிட்டனர். விருந்து பெரிது, வணிகமோ சுருங்கத் தொடங்கியிருந்தது.

முடிவு

1760-இல் மீர் ஜாபரை நீக்கி மீர் காசிமை ஆங்கிலேயர் நவாபாக்கினர். அவருக்கும் ஆங்கிலேயருக்கும் பகை மூண்டபோது, சேட்டுகள் ஆங்கிலேயர் பக்கம் சாய்வர் என்று ஐயுற்ற நவாப், 1763-இல் மகதாப் ராயையும் சொரூப் சந்தையும் முர்ஷிதாபாத்திலிருந்து பிடித்துத் தம் தலைநகரான முங்கேருக்குக் கொண்டுசென்றார். ஆங்கிலேயர் மறுப்புத் தெரிவித்தும் பயனில்லை. போரில் அடுத்தடுத்துத் தோற்றுப் பின்வாங்கிய நவாப், அவ்வாண்டிலேயே இருவரையும் கொல்வித்தார். முங்கேர்க் கோட்டைக் கொத்தளத்திலிருந்து கங்கையில் எறியப்பட்டனர் என்பது மக்களிடையே வழங்கும் செய்தி. மன்னர்களுக்குக் கடன் கொடுத்த கை, தன் உயிரை மீட்கத் தர ஏதுமின்றி நின்றது.

மகன் குஷால் சந்த் ஜகத் சேட் பட்டத்தை ஏற்றார். 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் கருவூலத்தைக் கல்கத்தாவுக்கு மாற்றியபோது எஞ்சியிருந்த தொழிலும் ஒடுங்கிற்று. பிற்காலத்தில் அவ்வழியினர் ஆங்கிலேய அரசின் உதவித்தொகையைப் பெற்று வாழ்ந்தனர். மகிமாபூரின் பழைய மாளிகையில் பெரும்பகுதியைப் பாகீரதி ஆறே அரித்துக் கொண்டு போயிற்று.

எஞ்சியது

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் இறுதியானது மிகுபொருள் விரும்பாமை. பொருள் ஈட்டுவதை அது தடுக்கவில்லை. இவ்வளவு போதும் என்று தானே ஓர் எல்லை வகுத்துக்கொள்ளச் சொல்கிறது. எல்லை வகுத்த பொருளைக் காக்க அரசரை ஆக்கவும் அழிக்கவும் வேண்டுவதில்லை. எல்லையற்ற பொருளோ தன்னைக் காக்க ஒரு சூழ்ச்சியைக் கேட்கும். பின் மற்றொன்றைக் கேட்கும். மகதாப் ராயின் வாழ்வு காட்டும் உண்மை இதுவே.

ஆயினும் அக்குடும்பம் செய்தவற்றுள் அழியாதது ஒன்று உண்டு. இருபது தீர்த்தங்கரர்கள் வீடுபேறு எய்திய சம்மேத சிகரம், பேரரசர் அகமது ஷா காலத்தில் மகதாப் ராயின் பெயரில் வழங்கப்பட்டது என்று சமண மரபு கூறும். அம்மலையின் திருப்பணிகளோடு குஷால் சந்தின் பெயரையும் இணைத்துப் பேசுவர். இன்றும் தமிழ்நாட்டிலிருந்து செல்லும் சிராவகக் குடும்பத்தார் விடியுமுன் மதுவனத்திலிருந்து வெறுங்காலுடன் புறப்பட்டு, மலையேறி, திருவடிகளை வணங்கி, மாலையில் இறங்குகின்றனர். பொட்டோசியின் வெள்ளியும் ஆற்காட்டு ரூபாயும் போன இடம் தெரியவில்லை. அறத்தின்பால் சென்ற சிறு பங்கு மட்டும் மலைமேல் நிற்கிறது.