காட்டுத் தீக்குக் கோடு கிழித்தவர்

தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் நடந்த காலம் உண்டு. கடைசிச் சலாபம் 1961-ம் ஆண்டு நடந்தது. திரேஸ்புரத்துப் பெரியவர்களுக்கு அந்தப் பேச்சு இன்றும் இனிக்கும்.

சலாபம் நினைத்தவுடன் நடந்துவிடாது. முதலில் அதிகாரிகள் படகில் போய் முத்துப் பார்களைச் சோதிப்பார்கள். முத்துக் குளிப்பவர்கள் பாரின் பல இடங்களில் மூழ்கிக் கொஞ்சம் கொஞ்சம் சிப்பி எடுத்து வருவார்கள். அதை எண்ணுவார்கள். அதை வைத்து, பார் முழுவதும் எவ்வளவு சிப்பி கிடக்கும் என்று கணக்குப் போடுவார்கள். சிப்பி இளசாக இருந்தால் அந்த ஆண்டு சலாபம் இல்லை. யாரும் அதைத் தொடக்கூடாது.

இதே போன்ற கணக்கைக் காட்டில் போட்ட ஒருவர் இருந்தார். சிப்பிக்குப் பதில் தேக்கு மரம். படகுக்குப் பதில் யானை.

அவர் பெயர் டீட்ரிக் பிராண்டிஸ். ஜெர்மானியர். இந்தியாவின் காட்டு இலாகாவை உருவாக்கியவர். காட்டில் தீப் பிடித்தால் எரிந்து ஓயட்டும் என்று எல்லோரும் கை கட்டி நின்ற காலத்தில், தீயைத் தடுக்க முடியும் என்று காட்டியவர்களில் முதன்மையானவர்.

தீயைத் தடுத்தார், சரி. அந்தக் காட்டிலே பிறந்து வளர்ந்த மலைவாசிகளின் கதி என்ன? அவர் வாழ்நாள் முழுவதும் இந்தக் கேள்வி அவரை விடவில்லை.

தத்துவப் பேராசிரியரின் மகன்

பிராண்டிஸ் 1824-ம் ஆண்டு மார்ச் 31-ந்தேதி ஜெர்மனியில் பான் நகரில் பிறந்தார். தகப்பனார் தத்துவப் பேராசிரியர். கிரேக்க நாட்டு மன்னருக்கு ஆலோசகராக அவர் சில காலம் ஏதென்ஸ் நகரில் இருந்தார். மகனும் கூடப் போனான். அங்கே செடி கொடிகளின் மேல் ஆசை பிடித்தது. படித்து முடித்துப் பான் நகரிலேயே தாவர சாஸ்திரம் போதிக்கும் ஆசிரியரானார்.

அப்படியே இருந்திருந்தால் அவர் பெயர் நமக்குத் தெரிந்திராது. அவரை நம் பக்கம் இழுத்தது ஒரு திருமணம்.

1854-ல் ரேச்சல் என்ற விதவையை அவர் மணந்தார். வங்காளத்துச் செராம்பூரில் பாதிரியாராக இருந்து புகழ் பெற்ற மார்ஷ்மனின் மகள் அவர். நம் தரங்கம்பாடியைப் போலச் செராம்பூரும் டேனிஷ்காரர்கள் வசம் இருந்த ஊர்தான். ரேச்சலின் சகோதரியை மணந்தவர் ஹாவ்லக் என்னும் ஆங்கிலப் படைத் தளபதி. அந்த உறவின் மூலம் பிராண்டிஸின் பெயர் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் காதுக்கு எட்டியது.

டல்ஹௌசிக்கு அப்போது ஒரு தலைவலி. 1852-ல் நடந்த போரில் கீழ்ப் பர்மாவில் பெகு என்ற பகுதியை ஆங்கிலேயர் பிடித்திருந்தார்கள். அங்கே தேக்குக் காடுகள் இருந்தன. கப்பல் கட்டத் தேக்கு வேண்டும். ஆனால் மர வியாபாரிகள் கண்டபடி வெட்டினார்கள். காட்டைக் காக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

1856-ல் பிராண்டிஸ் பர்மாவில் வந்து இறங்கினார்.

குச்சியில் போட்ட கணக்கு

காட்டில் எத்தனை தேக்கு இருக்கிறது? யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொன்றாக எண்ணுவது நடக்கிற காரியமா?

பிராண்டிஸ் யானை மேல் ஏறினார். கையில் மூங்கில் குச்சிகளும் ஒரு பேனாக்கத்தியும் வைத்துக்கொண்டார். ஒரு வழியாகக் காட்டை ஊடுருவிப் போகும்போது கண்ணில் படும் ஒவ்வொரு தேக்குக்கும் குச்சியில் ஒரு வெட்டு. சின்ன மரம், பெரிய மரம் என்று நான்கு வகை. நான்கு வகைக்கும் தனித்தனிக் குச்சி. பர்மா மழையில் காகிதம் நனைந்து கூழாகிவிடும். மூங்கிலில் போட்ட வெட்டு அழியாது.

போகிற வழியில் உள்ளதை எண்ணி, காடு முழுவதற்கும் கணக்குப் போட்டார். ஒரு மரம் பெருக்க எத்தனை ஆண்டு ஆகும் என்று பார்த்தார். ஆண்டுக்கு வளர்வது எவ்வளவோ அதற்கு மேல் வெட்டக்கூடாது என்று கட்டளை போட்டார். மர வியாபாரிகள் கொதித்தார்கள். அவர் அசையவில்லை.

இந்தக் கணக்கையெல்லாம் ஒரே நாளில் சாம்பலாக்கக் கூடிய எதிரி ஒன்று இருந்தது. அதுதான் தீ.

பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. ஆகவே மரத்தைச் சுற்றிப் பட்டையை வளையமாக வெட்டி, நின்றபடியே இரண்டு மூன்று ஆண்டு காய விடுவார்கள். பிறகு வெட்டி ஆற்றில் விடுவார்கள். அப்படிக் காய்ந்து நிற்கிற மரத்தில் கோடைத் தீ பற்றினால் என்ன மிஞ்சும்?

மலைவாசிகளின் நெருப்பு

பர்மா மலைகளில் கரேன் என்ற மலைவாசிகள் இருந்தார்கள். காட்டில் ஒரு துண்டு வெட்டுவார்கள். காய விடுவார்கள். கோடையில் தீ வைப்பார்கள். மழை விழுந்ததும் சாம்பலில் நெல் விதைப்பார்கள். அறுவடை முடிந்தால் அந்த இடத்தை விட்டு வேறு துண்டுக்குப் போவார்கள். விட்டுப் போன இடத்தில் காடு மறுபடி மண்டும்.

இது நமக்குப் புதிதல்ல. வள்ளி காவல் காத்த தினைப்புனமும் இப்படிப்பட்ட மலைக் கொல்லைதான்.

தேக்குக் காட்டில் இப்படிச் செய்தவர்கள் மேல் சர்க்கார் வழக்குப் போட்டது. பிராண்டிஸும் முதலில் இதை எதிர்த்தவரே. ஆனால் அவர் கண்களை மூடிக்கொள்ளவில்லை. தீ வைத்துத் துப்புரவான நிலத்தில் தேக்கங்கன்று நன்றாக வருவதைக் கவனித்தார். களை எடுக்கக் கரேன் குடும்பமே இருக்கிறது. நெல்லோடு தேக்கையும் நட்டால் என்ன?

அப்படியே ஏற்பாடானது. கரேன் மக்கள் வழக்கம்போல் வெட்டி எரித்து நெல் விதைத்தார்கள். நெல்லுக்கு ஊடே தேக்கும் நட்டார்கள். பிழைத்த கன்றுகளுக்குக் கூலி பெற்றார்கள். பர்மிய மொழியில் மலைக் கொல்லைக்கு டாங்யா என்று பெயர். அந்தப் பெயரிலேயே இந்த முறை வங்காளத்துக்கும் தென்னிந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போயிற்று.

இதில் கரேன் மக்களுக்கு நஷ்டமே இல்லை என்று சொல்ல முடியாது. கொல்லையை விட்டுப் போனபின் அங்கே நின்றது சர்க்கார் தேக்கு. அடுத்த முறை திரும்பி வர அவர்களுக்கு அங்கே இடம் இல்லை.

போரியில் நடந்த அதிசயம்

1864-ல் பிராண்டிஸ் இந்தியா முழுவதற்கும் காட்டு இலாகாத் தலைவரானார். அந்தப் பதவிக்கு அவரே முதல்வர். அடுத்த ஆண்டே முதல் காட்டுச் சட்டம் வந்தது.

அப்போது மத்திய மாகாணத்தில் பியர்சன் என்ற ராணுவ அதிகாரி காட்டு அதிகாரியாக இருந்தார். சாத்புரா மலையில் போரி என்ற காடு. கோண்டு, கோர்க்கு மலைவாசிகள் வாழும் இடம். கோடை வந்தால் காடு எரிவது அங்கே மாமூல். இதைத் தடுப்பது மனிதனால் ஆகாது என்று அதிகாரிகளே சொன்னார்கள். தடுத்துப் பார்ப்பது என்று பியர்சன் இறங்கினார். பிராண்டிஸ் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

வித்தை சிக்கலானதல்ல. ஆனால் உழைப்பு மிக அதிகம்.

தீ பரவ வேண்டுமானால் தின்பதற்குச் சருகும் புல்லும் வேண்டும். தீனி இல்லாத இடத்தில் தீ நின்றுவிடும். ஆகவே கோடைக்கு முன்பே காட்டைச் சுற்றி அகலமாக ஒரு பட்டை அளந்து, அதில் உள்ள புல்லை அறுத்துக் காய விடுவார்கள். காற்று அடங்கிய வேளையில், ஆட்கள் பச்சைத் தழைக்கொத்தோடு இரு பக்கமும் நிற்க, அந்தப் புல்லுக்குத் தீ வைப்பார்கள். பட்டை வெறும் தரையாகும். இதற்குத் தீத்தடுப்புக் கோடு என்று பெயர். பிறகு கோடை முழுவதும் காவலர்கள் அதன் மேல் சுற்றி வருவார்கள். வெளியே எரிகிற தீ அந்தக் கோட்டுக்கு வந்து தானே அடங்கும்.

தீயைத் தடுக்கவும் தீதான் வேண்டியிருக்கிறது! எந்த வேளையில், எந்தக் காற்றில், எந்தப் பக்கம் இருந்து பற்ற வைப்பது என்பது காட்டில் வாழ்கிறவனுக்குத்தான் கைவரும். சுற்றிலும் இருந்த மலைவாசிகளின் ஒத்துழைப்பு இல்லாமல் போரியில் ஒரு கோடும் நின்றிருக்காது. காடு எரியாமல் தப்பியது. பிராண்டிஸ் போரியை உதாரணமாகக் காட்டி மற்ற மாகாணங்களிலும் இதைச் செய்ய வைத்தார். போரிக் காடு இன்று சாத்புராப் புலிகள் காப்பகத்தில் அடங்கியிருக்கிறது.

தோற்ற வழக்கு

காடு யாருடையது? இந்தத் தகராறில் பிராண்டிஸ் தோற்றார்.

காடு முழுவதும் சர்க்கார் சொத்து, ஜனங்களுக்கு உள்ளது வெறும் சலுகை என்று பேடன் பவல் என்ற அதிகாரி வாதாடினார். பிராண்டிஸ் ஒப்பவில்லை. சிறந்த காடுகளைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் கிராமத்துக்கென்று காடு ஒதுக்கி, அதை ஜனங்களே காக்க விட வேண்டும் என்றார். ஜனங்களுக்குக் காக்கத் தெரியாது என்பதை அவர் நம்பவில்லை. குடகு நாட்டுத் தேவர்காடுகளையும், ஏலகிரி மலையின் சாமிச் சோலையையும் பற்றிப் பின்னால் எழுதிவைத்தவர் அவர். போலீஸ் இல்லாமல், சாமிக்குப் பயந்தே ஜனங்கள் காத்த காடுகள் அவை.

1878-ம் ஆண்டுச் சட்டம் பேடன் பவல் பக்கமே சாய்ந்தது. கிராமக் காடு என்று ஓர் அத்தியாயம் அதில் இருந்தது. பெரும்பாலும் ஏட்டோடு நின்றது. ரிசர்வ் காட்டில் தீ வைப்பது குற்றம் ஆனது. தீப் பிடித்தால், அங்கே உரிமை பெற்ற ஜனங்கள் அணைக்க உதவ வேண்டும். உதவாவிட்டால் அதுவும் குற்றம். அணைக்க மட்டும் அழைப்பு. நெருப்பைப் பற்றி யோசனை கேட்க அழைப்பு இல்லை.

1881-ல் அவர் சென்னை மாகாணத்துக்கு வந்தார். இங்கே 1882-ல் தனிக் காட்டுச் சட்டம் பிறந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இங்கும் கிராமக் காட்டை வலியுறுத்தினார். இங்கும் அது பலிக்கவில்லை. 1883-ல் ஓய்வு பெற்றார்.

பான் நகரத்தில்

சொந்த ஊருக்குத் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. காட்டு வேலை கற்க வந்த இளைஞர்களுக்கு வழி காட்டினார். 1889-ல் அமெரிக்காவிலிருந்து பின்ஷோ என்ற வாலிபர் அவரைத் தேடி வந்தார். பிற்காலத்தில் அமெரிக்கக் காட்டு இலாகாவின் முதல் தலைவர் ஆனவர் இவரே. 1910-ல் அங்கே மேற்குப் பகுதியில் சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. அதன்பின் அங்கே எந்தத் தீயானாலும் உடனே அணை என்பதே வேதமாயிற்று. சருகு ஆண்டுக்கு ஆண்டு குவிந்தது. தீயும் பெருந்தீ ஆனது. இன்று கலிபோர்னியாவில் யூரோக், கருக் என்ற பழங்குடியினர் தங்கள் முன்னோர் வழக்கப்படி மீண்டும் சிறு நெருப்பு வைத்துக் காட்டைத் துப்புரவு செய்கிறார்கள்.

இதற்கு முன்னறிவிப்பு பிராண்டிஸ் உயிரோடு இருக்கும்போதே பர்மாவிலிருந்து வந்தது. 1896-ல் ஸ்லேட் என்ற காட்டு அதிகாரி, பர்மாவில் தீத்தடுப்பு அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று எழுதினார். ஈரக் காட்டில் தீயே இல்லாவிட்டால் மூங்கிலும் புதரும் மண்டி, தேக்கங்கன்று வெயில் காணாமல் சாகிறது என்பது அவர் கட்சி. வறண்ட காட்டில் கன்றைக் கொல்கிற தீ, ஈரக் காட்டில் கன்றுக்கு வழி விடுகிறது! கரேன் கொல்லையில் பிராண்டிஸ் கண்டதும் இதுதானே? இலாகா பெரிதானபோது இந்தப் பாடம் எங்கோ மறந்து போயிற்று. 1907-ஐ ஒட்டிப் பர்மாவில் பல காடுகளில் தீத்தடுப்பைக் கைவிடத் தொடங்கினார்கள்.

1906-ல், 82-வது வயதில், இந்திய மரங்களைப் பற்றிய தமது பெரிய புத்தகத்தைப் பிராண்டிஸ் வெளியிட்டார். 1907-ம் ஆண்டு மே 28-ந்தேதி பான் நகரில் காலமானார்.

நம் பக்கத்து மலைகள்

சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைகளில் சோளகர் வாழ்கிறார்கள். ஆண்டின் தொடக்கத்தில், சருகு சன்னமாக இருக்கும்போதே சிறு தீ வைத்துவிடுவது அவர்கள் முறை. தரையோடு ஓடி அது அணைந்துவிடும். பிலிகிரிரங்கன் மலை 1974-ல் சரணாலயம் ஆனபின் இது நின்றது. உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது அந்த மூத்தோர் கருத்து. காட்டைக் காக்கும் உரிமையைப் பழங்குடிக் கிராமசபைக்கு வழங்கிய வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. பிராண்டிஸ் கேட்டுத் தோற்ற ஆண்டிலிருந்து எண்ணினால் 128 ஆண்டு.

2018 மார்ச் 11-ந்தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல் எரிந்து, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டதைத் தமிழ்நாடு மறக்கவில்லை.

தூத்துக்குடிக்குக் குடிநீர் தருவது தாமிரபரணி. அது பிறப்பது பொதிகை மலையில். அங்கே காணிக்காரர்கள் குடியிருக்கிறார்கள். நம் மலைக் காடுகளில் இன்றும் கோடைக்கு முன்னே ஆட்கள் புல் அறுக்கிறார்கள். காற்று அடங்கக் காத்திருந்து, தழைக்கொத்தோடு நின்று, கோட்டுக்குத் தீ வைக்கிறார்கள். தீக்காவலுக்குப் போகிறவர்களில் மலைவாசிகள் பலர். அவர்கள் காவல் காக்கிற காட்டில் ஊறிய தண்ணீர்தான் திரேஸ்புரத்துக் குழாயில் வருகிறது.