பேய் பங்களா படங்களின் 'பார்ட் 2' ஏன் சொதப்புது? 'வீணை' எஸ்.பாலசந்தர் வாழ்க்கையில் இருக்கு பதில்!

அரண்மனை, காஞ்சனா, சந்திரமுகி... தமிழில் பேய் பங்களா படம் ஒண்ணு ஓடிட்டா பார்ட் 2 கண்டிப்பா வந்துடும். அதில் சில படங்கள் மிரட்டும். பல படங்கள் கொட்டாவி விட வைக்கும். என்ன காரணம்? தமிழ் சினிமாவுக்கு சஸ்பென்ஸ் பழக்கிய எஸ்.பாலசந்தரின் கதையைப் பார்த்தால் புரியும்.

யார் இந்த பாலசந்தர்?

இயக்குநர் கே.பாலசந்தர் வேறு, இவர் வேறு. 1927 ஜனவரி 18-ல் பிறந்தவர். 1934-ல் வந்த 'சீதா கல்யாணம்' படத்தில் ராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கும் சிறுவனாக வந்தார். அதே படத்தில் ராமனாக நடித்தவர் இவருடைய அண்ணன் எஸ்.ராஜம். 1948-ல் 'என் கணவர்' படத்தின் மூலம் இயக்குநரானபோது பாலசந்தருக்கு வயது 21தான்.

பாட்டே இல்லாத படம்

1954-ல் ஏவிஎம் தயாரிப்பில் 'அந்த நாள்' வந்தது. சிவாஜி கணேசன், பண்டரிபாய் நடித்த படம். பாட்டு, டான்ஸ், சண்டை எதுவும் கிடையாது. டஜன் கணக்கில் பாட்டு வைத்த காலத்தில் இது பெரிய ரிஸ்க். ஹீரோ ஆரம்பத்திலேயே சுடப்பட்டுச் சாகிறார். கொன்றது யார் என்பதுதான் மொத்தப் படமும்.

பத்து வருஷம் கழித்து 1964-ல் 'பொம்மை'. இங்கே ஃபார்முலாவையே திருப்பிப் போட்டார். பொம்மைக்குள் பாம் இருப்பது ரசிகருக்குத் தெரியும், அதைக் கையில் வைத்திருப்பவருக்குத் தெரியாது. யேசுதாஸ் தமிழில் பாடி வெளிவந்த முதல் படமும் இதுதான்.

1970-ல் 'நடு இரவில்'. ஒரு பணக்காரரின் பங்களாவில் சொந்தக்காரர்கள் கூடுகிறார்கள். ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். 1939-ல் அகதா கிறிஸ்டி எழுதிய நாவலின் பாதிப்பில் உருவான படம். தயாரிப்பு, இயக்கம், இசை, நடிப்பு எல்லாமே பாலசந்தர். கொலைகாரன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறானோ என்ற சந்தேகம்தான் இதில் பயம்.

கவனிச்சீங்களா? மூன்று படத்திலும் பயத்துக்கான காரணம் வேற வேற. ஜெயித்த உத்தியை அவர் அப்படியே திரும்ப எடுக்கவில்லை.

பார்ட் 2 சறுக்குவது எங்கே?

கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கச்சிராயபாளையம் தாண்டி ராத்திரியில் முதல்முறை கல்வராயன் மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவும் திக் திக்னு இருக்கும். அடுத்த தடவை எந்த வளைவு எங்கே வரும்னு தெரிஞ்சுடும். அப்புறம் அது வெறும் ரோடுதான்.

2005-ல் 'சந்திரமுகி' வந்தபோது, அந்த வீட்டில் இருப்பது பேயா, மனநோயா, பாதிக்கப்பட்டது யார் என்ற குழப்பம்தான் நம்மை சீட் நுனியில் உட்கார வைத்தது. 2023-ல் இரண்டாம் பாகம் வந்தபோது சந்திரமுகி யார், வேட்டையன் யார் என்பதெல்லாம் ஏற்கனவே தெரிந்த கதை. கொலுசுச் சத்தத்தைக் கூட்டலாம், கிராபிக்ஸைக் கூட்டலாம். போன சந்தேகம் திரும்ப வராது.

'காஞ்சனா' ஏன் ஜெயித்தது? 'முனி' வரிசையில் இரண்டாவதாக 2011-ல் வந்த அந்தப் படம் பழைய பேயைத் தூக்கிட்டு வரவில்லை. காஞ்சனா என்ற திருநங்கைக்கு நடந்த அநியாயம் என்று புதுக் கதை சொன்னது. ஹீரோவின் பயந்தாங்கொள்ளி குணம் மட்டும் பழசு. ஆனால் அதே வரிசை நீள நீள, பேய் வருது, பிளாஷ்பேக் வருது, பழிவாங்குது என்ற டெம்ப்ளேட் பழகிப்போச்சு.

கடைசி வரை வீணை

'நடு இரவில்' படத்துக்குப் பிறகு பாலசந்தர் அதே ரூட்டில் இன்னொரு பங்களா தேடிப் போகவில்லை. டைரக்‌ஷனையே விட்டுவிட்டு முழுசா வீணைக்குப் போனார். குரு இல்லாமல் தானே கற்ற வித்தை அது. 1982-ல் பத்மபூஷண் கிடைத்தது. 1990 ஏப்ரல் 13-ல் பிலாய் நகரில் காலமானார். 36 வருஷத்துக்கு முன், 1954-ல், 'அந்த நாள்' வெளியானதும் இதே ஏப்ரல் 13-ல்தான்.