எண்ணியல் அறிஞர் சிவசங்கரநாராயண பிள்ளை

குற்றாலத்திற்கு அருகிலுள்ள வல்லம் என்னும் சிற்றூரில் 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் பிறந்தவர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. பிறந்த ஓராண்டில் அன்னையை இழந்தார். பள்ளியின் இறுதி வகுப்பில் பயின்றபோது தந்தையும் மறைந்தார். கல்வி நின்றுவிடும் நிலையில், அவருடைய அறிவாற்றலை உணர்ந்த ஆசிரியர் ஒருவர் பொருளுதவி புரிந்தார். நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற பிள்ளை, நம் திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற்றார். இன்று பாளையத்தில் பல்கலைக்கழகக் கல்லூரி என விளங்குவது அக்கல்லூரியே.

1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு தொடங்கினார். 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றினார். அங்கே அவர் ஆராய்ந்தது, ஆங்கிலேய அறிஞர் வேரிங் 1770இல் எழுப்பிய ஒரு சிக்கலாகும்.

மாணவர்களே, 703 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். ஓர் எண்ணை ஆறு முறை எழுதிப் பெருக்கினால் அதன் ஆறாம் அடுக்குக் கிடைக்கும். 1இன் ஆறாம் அடுக்கு 1. 2இன் ஆறாம் அடுக்கு 64. 3இன் ஆறாம் அடுக்கு 729. இவற்றைக் கூட்டி 703ஐப் பெறவேண்டும். 729 அதனினும் பெரிது, ஆகவே உதவாது. பத்து 64கள் சேர்ந்தால் 640. எஞ்சிய 63க்கு அறுபத்து மூன்று 1கள் வேண்டும். ஆக மொத்தம் 73 எண்கள். இதனினும் குறைத்தல் இயலாது.

இலட்சத்தையும் கோடியையும் கடந்த எண்களுக்கு 73 போதுமா? எண்களுக்கு முடிவில்லை; ஒவ்வொன்றாகச் சோதித்தல் எவராலும் ஆகாது. எத்துணைப் பெரிய முழு எண்ணாயினும் 73 ஆறாம் அடுக்குகளே போதும் என்பதைப் பிள்ளை 1940இல் நிறுவினார்.

1941இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்திற்கும், மறு ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கும் சென்று கற்பித்தார். 1950இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் அவரை ஓராண்டுக்கு அழைத்தது. ஹார்வர்டில் கூடிய உலகக் கணித மாநாட்டிலும் பங்கேற்கப் புறப்பட்டார். ஆகஸ்டு 31ஆம் நாள் கெய்ரோ நகரிலிருந்து கிளம்பிய விமானம் சிறிது நேரத்தில் விபத்துக்குள்ளாயிற்று. அதில் பயணம் செய்தோர் அனைவரும் மாண்டனர். பிள்ளைக்கு அப்போது அகவை நாற்பத்தொன்பது.

பிறந்த ஊரைவிட்டு ஊர் ஊராகச் சென்ற அவ்வறிஞர், செல்ல விரும்பிய இடத்தைச் சென்றடையவில்லை. அவர் நிறுவிய உண்மையோ உலகெங்கும் சென்று சேர்ந்தது. ஓர் ஆசிரியர் அன்று கைகொடுத்திராவிடில், அவ்வுண்மையை நாம் அவர் பெயரால் கற்றிருக்கமாட்டோம்.

அருஞ்சொற்பொருள்
அகவை – வயது
எத்துணை – எவ்வளவு
மாண்டனர் – இறந்தனர்

பயிற்சி
1. பிள்ளையின் கல்வி நின்றுவிடாமல் காத்தவர் யார்? எவ்வாறு காத்தார்?
2. 703ஐப் பெறுவதற்கு 729 ஏன் உதவாது?
3. 639ஐப் பெறக் குறைந்தது எத்தனை ஆறாம் அடுக்குகள் வேண்டும்? கணக்கிட்டு, விடையை எழுத்தால் எழுதுக.